ஜன்னல் போடும் கலை – 9: துண்டு இருக்கிறது, ஆளைக் காணோம்

பைத்தானில் ஜன்னல் போடும் டீகேஇன்டரில், பட்டன், லேபிள் போன்ற விட்ஜெட்டுகளை அடுக்கும் பேக்கும் கிரிட்டும் ஒரே ஃபிரேமுக்குள் ஒத்துப்போகாது என்று போன வாரம் பார்த்தோம். அதற்கு மேல் முன்கதை கிடையாது. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

பட்டனை அழுத்தியதும் ஜன்னல் உறைந்து நிற்பது ஏன் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள், டீகேஇன்டருக்கு அடியில் ஓடும் டீகேயின் கையேட்டில், படத்தை அழிப்பது பற்றிய ஒரு பத்தி கண்ணில் பட்டுத் தொலைத்தது. அப்புறம் உறைந்த ஜன்னலாவது ஒன்றாவது! பக்கம் எங்கே என்று உதவி ஆசிரியரும் போன் செய்துவிட்டார். எனவே கையில் இருப்பதைத் தருகிறேன்.

நோய் இதுதான். பைத்தானில் டீகேஇன்டர் பழகுகிற ஒருவர் ஒரு படத்தை ஃபோட்டோஇமேஜில் ஏற்றி லேபிளில் மாட்டுகிறார். பளிச்சென்று வருகிறது. நிரல் நீண்டுவிட்டதே என்று அந்த நாலு வரியை ஒரு ஃபங்ஷனுக்குள் தள்ளுகிறார். படம் போயிற்று. எரர் எதுவும் வரவில்லை. லேபிள் மட்டும் படத்தின் அதே நீள அகலத்தில் வெறுமையாக நிற்கிறது. கோப்பு எங்கே இருக்கிறது, பிஎன்ஜி கெட்டுவிட்டதா என்று ராத்திரி முழுக்கத் தேடுவார். கோப்பில் கோளாறு இருந்தால் டீகே சும்மா இருக்காது, எரர் போட்டுக் கத்தும். ஜேபெக் கொடுத்துப் பாருங்கள், அடையாளம் தெரியவில்லை என்று உடனே சொல்லிவிடும். (பிஎன்ஜியே 2012இல் வந்த 8.6ஆம் பதிப்பில்தான் டீகேவுக்குப் பழக்கமானது.)

மௌனமாகப் படம் மறைவதன் வேர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1980களில் அங்கே ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் மாணவர்களும் சிப் வடிவமைக்கும் மென்பொருள்களைச் செய்துகொண்டிருந்தார்கள். 'மேஜிக்' அவற்றில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டளை மொழி தேவைப்பட்டது. கவனமெல்லாம் சிப்பின் மேல் இருந்ததால், மொழிகள் ஒவ்வொன்றும் அரைகுறையாக வந்தன. எந்த மென்பொருளிலும் பொருத்திக்கொள்ளும்படி ஒரே மொழியை உருப்படியாகச் செய்துவிடலாம் என்று 1988இல் அவர் எழுதத் தொடங்கியதுதான் டிக்கிள். அதற்கு ஜன்னல் போட வந்தது டீகே. இரண்டுக்குமாக 1997இல் ஏசிஎம் என்ற கணினித் துறை அமைப்பு அவருக்கு விருது கொடுத்தது. சிப் இருந்த இடத்தில் மொழி நின்றுவிட்டது!

டிக்கிளில் எண், பட்டியல் எல்லாமே எழுத்துச் சரம்தான். டீகேஇன்டர் இன்றும் டிக்கிளோடுதான் பேசுகிறது. லேபிளில் நீங்கள் படத்தை மாட்டும்போது அந்தப் பக்கம் போய்ச் சேர்வது 'பைஇமேஜ்1' என்ற வெறும் பெயர். பைத்தான் பக்கத்தில் படத்தைப் பிடித்திருப்பது ஃபங்ஷனுக்குள் உள்ள வேரியபிள் மட்டும். ஃபங்ஷன் முடிந்ததும் அது போகிறது. பிடிக்க ஆளில்லாத ஃபோட்டோஇமேஜும் அழிகிறது. அழியும்போது, 'இந்தப் பெயருள்ள படத்தை நீயும் அழித்துவிடு' என்று டிக்கிளுக்கும் பொறுப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறது.

சரி, லேபிள் ஏன் சுருங்கவில்லை? நான் சொன்ன பத்தி இங்கேதான் வருகிறது. படத்தை அழித்தாலும், அதைக் காட்டிக்கொண்டிருந்த விட்ஜெட்டுகள் அளவை விடாமல், உள்ளே மட்டும் வெறுமையாக நிற்குமாம். பஸ் சீட்டில் துண்டு போட்டு வைத்திருக்கிறது, ஆள் ஏறவில்லை. அதே பெயரில் இன்னொரு படம் வந்தால், காத்திருக்கும் விட்ஜெட்டுகள் அதை எடுத்துக்கொள்ளும்!

செய்து பார்க்காமல் இருக்க முடியுமா? ஃபோட்டோஇமேஜுக்குப் பெயரை நாமே வைக்கலாம். 'லோகோ' என்று வைத்து லேபிளில் மாட்டுங்கள். 'டெல்' போட்டு வேரியபிளை நீக்குங்கள், படம் மறையும். 'லோகோ' என்ற பெயரிலேயே வேறு படத்தை ஏற்றுங்கள். லேபிளைத் தொடவே வேண்டாம், புதுப்படம் வந்து உட்காரும்.

'டெல்' போடாமல் அதே வேரியபிளில் புதுப்படத்தை ஏற்றினால்? முதலில் புது 'லோகோ' பிறக்கும். பிறகு வேரியபிள் அதன் பக்கம் திரும்பும். கைவிடப்பட்ட பழைய ஃபோட்டோஇமேஜ் சாகும்போது 'லோகோவை அழி' என்று வழக்கம்போல் சொல்லும். டிக்கிளுக்குப் பெயர்தானே தெரியும்? புதியதை அழித்துவிடும்.

மருந்து ஒரு வரி. லேபிளிலேயே ஒரு ஆணி அடித்துப் படத்தை மாட்டுங்கள்: 'லேபிள்.இமேஜ் = படம்'. கிளாஸ் எழுதுகிறவர்கள் 'செல்ஃப்'பில் வைக்கலாம். பல படங்கள் என்றால் ஒரு லிஸ்டில். லேபிள் உள்ள வரை படத்தைப் பிடிக்க யாராவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதன் பங்காளி ஒன்று உண்டு. 'பைஇமேஜ்1 என்ற படம் இல்லை' என்று எரர் வந்தால், பெரும்பாலும் படம் பத்திரமாகத்தான் இருக்கும். இரண்டாவது ஜன்னலுக்கும் 'டீகே()' போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு 'டீகே()'வும் தனி டிக்கிளைக் கிளப்பும். அங்கே வைத்த பெயர் இங்கே செல்லாது. இரண்டாவது ஜன்னலுக்கு 'டாப்லெவல்' போடுங்கள்.

உறையும் ஜன்னல் அடுத்த வாரம், கண்டிப்பாக. அதுவரை பட்டனுக்குள் 'ஸ்லீப்' போட்டிருப்பவர்கள் அதை எடுத்துவிட்டு 'ஆஃப்டர்' போட்டுக்கொள்ளுங்கள். காரணத்தை அப்போது சொல்கிறேன், வேறு எந்தப் பத்தியும் கண்ணில் படாவிட்டால்.