கரணை பிடிக்கும் கைக்குப் பேனாவும் வேண்டும்

பத்து காஜா அருகே உள்ள கெல்லி மாளிகையைக் கட்ட, அதன் உரிமையாளரான ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் மதராஸிலிருந்து தொழிலாளர்களை வரவழைத்தார். 1926இல் அவர் இறந்ததும் அந்த வேலை பாதியில் நின்றது. ஆனால், பேராவில் தமிழர்களின் கொத்து வேலை நின்றுவிடவில்லை. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, பால்மரத்தை விட்டவர்களில் சிலர் கரணையைக் கையில் எடுத்தனர். அவர்களில் சிலர் பின்னர் நான்கைந்து ஆட்களை வைத்து வேலை செய்யும் சிறு குத்தகையாளர்களாயினர்.

இவர்களுக்குத் தொழில் தெரியும். இல்லாதது தாள்தான். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுமானக் குத்தகையாளர் எவரும் சி.ஐ.டி.பி. எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். ஜி1 முதல் ஜி7 வரை ஏழு படிகள் உள்ளன. பதியாதவர் வேறொருவரின் உரிமத்துக்குக் கீழ் மூன்றாம் கையாக வேலை எடுக்கிறார். கூலி வாய்ப்பேச்சில் முடிவாகிறது. சுவர் எழும்பிவிடும், பணம் வராது.

பணம் வராவிட்டால் கேட்க வழியே இல்லையா? இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழில் கட்டணம், தீர்ப்பளிப்புச் சட்டம் 2014 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. முறையாகப் பணம் கோரினால் எதிர்த்தரப்பு 10 வேலை நாட்களில் பதில் சொல்ல வேண்டும். தகராறு தொடர்ந்தால் தீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால், இந்தச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கும் இது பொருந்தாது. அத்தகைய வேலையில், முன்பணத்தையும் கட்டம் கட்டமான தொகையையும் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஆகவே, கொத்து வேலைக் குத்தகையாளர்களுக்குப் பட்டறை நடத்த விரும்பும் இயக்கங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டு செங்கல் அடுக்கியவருக்குத் தூக்குக்குண்டு பிடிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவருக்குத் தேவை மூன்று பாடங்கள்.

முதலாவது, கணக்கு. அரைக்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 செங்கல் பிடிக்கும். 20 சதுர மீட்டருக்கு 1,200. உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 1,260. இதோடு சிமெண்டு, மணல், ஆள்கூலி, லோரி வாடகை, தம் இலாபம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினால் அதுவே விலைப்பட்டியல். மனக்கணக்கில் விலை சொல்பவர் பெரும்பாலும் தம் இலாபத்தைத்தான் மறந்துவிடுகிறார்.

இரண்டாவது, எழுத்து. என்ன வேலை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், இடையில் கூடுதல் வேலை சொன்னால் அதற்கு என்ன விலை என்பதை ஒரே பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுவது.

மூன்றாவது, பதிவு. ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சியும் பச்சை அட்டையும் முதற்படி. அனுபவசாலிகள் தாங்கள் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, பி.பி.தி. முறையில் எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் பெறவும் வழியுண்டு.

நேரமும் முக்கியம். நாள்கூலிக்காரர் ஒரு நாள் வராவிட்டால் அன்றைய வருமானம் போகும். ஆகவே, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அரை நாள் வீதம், தோட்ட மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ நடத்துவது நல்லது. விளக்கம் தமிழில் இருக்கட்டும். பாரத்தில் வரும் மலாய்ச் சொற்களும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். ஒவ்வொருவரும் தற்போது செய்யும் வேலையின் அளவுகளைக் கொண்டுவந்து, முடித்த விலைப்பட்டியலோடு வீடு திரும்ப வேண்டும்.

நற்சான்றிதழ் வழங்கிப் படம் பிடிப்பதோடு பட்டறை முடிந்துவிடுவதில்லை. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் பதிந்தார்கள், எத்தனை பேர் எழுதி வாங்கிக்கொண்டு வேலை தொடங்கினார்கள் என்று கேட்க வேண்டும். அப்பா கட்டிய சுவருக்குப் பணம் வராததைப் பார்த்து வளரும் பிள்ளை அந்தத் தொழிலுக்கு வரமாட்டான். பணம் ஒழுங்காக வந்தால், தொழிலும் அடுத்த தலைமுறைக்கு வரும்.