கை மரத்துப் போச்சு, வேலையும் போகணுமா?

கோவை,

மெஷினில் விரல் சிக்கினால் ரத்தம் கொட்டும். கூட்டம் கூடும். விபத்து ரிப்போர்ட்டும் எழுதிவிடுவார்கள். மணிக்கட்டு வலி அப்படி வருவதில்லை. சத்தமே இல்லாமல் வரும்!

கணபதி பக்கம் ஒரு மோட்டார் கம்பெனி. அங்கே காயில் இறக்கும் அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டர் ஸ்லாட்டுக்குள் செப்புக் கம்பியைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி இறக்க வேண்டும். நாள் முழுக்க அதே அமுக்குத்தான். முதலில் விரல் மதமதவென்று இருந்தது. அப்புறம் ராத்திரியில் எரிச்சல். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் தூக்கம். ஒரு நாள் காலையில் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினார், நழுவி விழுந்தது.

திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவருக்கும், நாளெல்லாம் கத்தரியால் பிசிறு நூல் வெட்டுகிறவருக்கும் இதே கதைதான்.

"எப்பம்மா அடிபட்டுச்சு?"

அக்கா இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போகிறார். இந்தக் கேள்வி வருகிறது.

"அடியே படலீங்களே!"

சிக்கல் இங்கேதான். இ.எஸ்.ஐ.யில் பணம் இரண்டு வழியில் வரும். வேலையால் வந்த காயம் என்றால் சம்பளத்தில் 90 சதவீதம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. குணமாகும் வரை கிடைக்கும். குணமே ஆகாவிட்டால் மருத்துவ போர்டு பார்த்து, எவ்வளவு சம்பாதிக்கும் சக்தி போனதோ அந்த அளவுக்கு ஆயுள் முழுக்க மாதப் பணம்.

சாதாரண நோய் என்றால் 70 சதவீதம்தான். வருஷத்துக்கு 91 நாள்தான். ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குக் காசு கிடையாது.

நாள் கூலி 400 ரூபாய் என்றால், அங்கே 360. இங்கே 280. தினமும் 80 ரூபாய் நஷ்டம்!

நோயைக் காயமாகக் கணக்கில் எடுக்க, சட்டத்தில் ஒரு தொழில் நோய்ப் பட்டியல் இருக்கிறது. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் அதில் உண்டு. மில் தொழிலாளிகளுக்கு அது தெரியும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து வரும் கை வலிக்கு அதில் தனி வரி இல்லை. பட்டியலில் இல்லாத நோய் என்றால், குறிப்பிட்ட ஒரு விபத்தால் வந்தது என்று காட்டச் சொன்னது 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம். தேய்ந்து தேய்ந்து போன கைக்குத் தேதி எங்கே போவது? இங்கிலாந்தில் தந்தி அடிப்பவர்களின் கை நோயை 1908-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்!

தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் வந்த ஊரே நம்ம கோவைதான். 1955-ல்! இந்த வரியை எழுதி வாங்க இந்த ஊருக்குத்தான் முதல் உரிமை.

வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

இ.எஸ்.ஐ. சிகிச்சையில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றது 1948-ம் வருஷத்துச் சட்டத்தின் 73-வது பிரிவு. அந்த நாட்களில் கொடுத்த நீக்க நோட்டீஸ் செல்லாது என்றும் அது சொன்னது. சிகிச்சை நாள் முடிந்த பிறகுதான் பயம்.

"லைட்டா ஏதாச்சும் வேலை குடுங்க" என்று கேட்கலாம். பணியில் இருக்கும்போது ஊனமானவரை நீக்கக் கூடாது, வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம் சொல்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு! நிறக்குருடு என்று வெளியே அனுப்பப்பட்ட தெலுங்கானா அரசு பஸ் டிரைவருக்கு மாற்று வேலை கொடுக்கச் சொல்லி 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கணபதி அக்காவுக்கு அந்தக் கதவு திறக்காது. முதலாளி மனசு வைத்தால்தான் உண்டு.

கையெழுத்துக்கு முன்னால்...

"அக்கா, கை நல்லானதும் வாங்க. இப்ப இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

பேப்பரில் என்ன இருக்கும்? "குடும்பச் சூழ்நிலை காரணமாக ராஜினாமா செய்கிறேன்." அவ்வளவுதான். கைக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடும்!

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இயலாமையால் வேலை போனால் அந்த ஐந்து வருஷக் கணக்கு கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. 1972-ம் வருஷத்துச் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. இயலாமை என்றால் இரண்டு கையும் போக வேண்டும் என்றில்லை. முன்னால் செய்துகொண்டிருந்த வேலையைச் செய்ய முடியாமல் போனாலே போதும் என்று 1972-ம் வருஷத்துச் சட்டத்தில் விளக்கம் உண்டு. மாதம் 12 ஆயிரம் வாங்கி நாலு வருஷம் உழைத்தவருக்கு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கில் ஏறக்குறைய 27,700 ரூபாய் வரும். "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் போச்சு.

அதனால் முதல் தடவை டிஸ்பென்சரிக்குப் போகும்போதே "கை வலி" என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வராதீர்கள். என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை மோட்டார், எத்தனை மாதமாக வலி என்று டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நரம்பு சோதனைக்கு எழுதிக் கேளுங்கள். அதே விவரத்தைக் கம்பெனிக்கும் லெட்டராகக் கொடுத்து, காப்பியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் ரிஜிஸ்டர் தபால் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டின் ஒரிஜினலைக் கம்பெனியில் கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.