மறையும் மச்சமும் மறையா மச்சமும்

குழந்தையின் முகத்தில் செந்நிற மச்சம் ஒன்று தோன்றிவிட்டால், "கிரகணத்தன்று தாய் வெளியே வந்தாள்" என்று கூறும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. பழி தாய்மீது விழுகிறது. குழந்தைக்குப் பயனேதும் இல்லை. விலங்கியல் மாணவன் என்ற முறையில் இம்மச்சங்களைப் பற்றிச் சிறிது எழுத விழைகிறேன்.

இவை யாவும் இரத்தக் குழாய்களின் கோளாறுகளே. ஆயினும் ஒரே இனத்தவை அல்ல. இவற்றையெல்லாம் ஒரே பெயரால் அழைத்துவந்த குழப்பத்தை 1982-இல் ஜான் மல்லிகனும் ஜூலி குளோவாக்கியும் தெளிவாக்கினர். ஒரு வகையில் குழாய்ச் சுவரின் உயிரணுக்கள் விரைந்து பெருகுகின்றன. அது ஹெமாஞ்சியோமா என்னும் கட்டி. மற்றதில் அத்தகைய பெருக்கம் இல்லை. கருவிலேயே குழாய்கள் பிழையாக அமைந்துவிட்டன.

பிரித்தறிய, "எப்போது தோன்றியது?" என்று தாயிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். கட்டி, பெரும்பாலும் பிறந்த சில வாரங்களில் தலைகாட்டி, முதல் ஐந்து மாதங்களில் வேகமாக வளர்ந்து, ஓராண்டுக்குப்பின் மெல்லச் சுருங்கும். அமைப்புப் பிழையோ பிறவியிலேயே உள்ளது (சில பின்னர்தான் கண்ணுக்குத் தெரியும்). உடலோடு வளரும், தானே மறையாது. கோர்பச்சேவின் நெற்றியில் இருந்த குறி இவ்வினத்தது. 2022-இல் தமது 91-ஆம் வயதில் அவர் மறையும்வரை அதுவும் உடனிருந்தது.

"தானே போய்விடும்" என்னும் ஆறுதல் முதல் வகைக்கே பொருந்தும். அதிலும் எல்லா இடத்திலும் அன்று. இமையில் வளரும் கட்டி கண்ணை மறைத்தால், மூளை அக்கண்ணால் காணப் பழகாமலே போகும். பிறகு கட்டி சுருங்கினாலும் இழந்த பார்வை முழுதும் மீளும் என்பதற்கில்லை. இங்கே காத்திருப்பதுதான் பெரும் ஆபத்து.

இதற்கு நல்ல மருந்து வாய்த்தது தற்செயலாகத்தான். பிரான்சின் போர்டோ நகரில், இதயக் கோளாறுக்காக ப்ராப்ரனலால் பெற்ற குழந்தையின் மூக்கிலிருந்த கட்டி, மறுநாளே நிறம் மாறி மென்மையாயிற்று. 2008-இல் இச்செய்தி வெளியானபின் சிகிச்சை முறையே மாறியது. இரத்தச் சர்க்கரையும் நாடித்துடிப்பும் குறையக்கூடுமாதலால், மருத்துவரின் மேற்பார்வையில், பாலூட்டியே இதைக் கொடுக்க வேண்டும்.

அமைப்புப் பிழைகளுக்கு இம்மருந்து உதவாது. தட்டையான செம்மச்சத்தை லேசர் ஒளியால் மங்கச் செய்யலாம். தலை குனிந்தால் புடைக்கும் சிரை வகையில் மருந்தை ஊசியால் செலுத்திச் சுருக்குவர். தொட்டால் சூடாகவும் துடிப்பாகவும் இருப்பது தமனியும் சிரையும் நேராக இணைந்த வகை. அனைத்திலும் பொல்லாதது இதுவே. இதற்கு இரத்தம் கொண்டுவரும் தமனியை மட்டும் கட்டிவிட்டால், அக்கம்பக்கத்துக் கிளைகள் பெருத்து, நோய் முன்னிலும் முற்றும். எனவே நடுக்கூட்டையே உள்ளிருந்து அடைத்து, இயலுமாயின் அறுவையால் முழுதும் அகற்றுகின்றனர்.