கடலடியில் கத்தும் ஆரஞ்சுப் பெட்டி

ஒரு விமானம் விழுந்தால் அன்று இரவே தொலைக்காட்சியில் தீர்ப்பு வந்துவிடும். ஆட்டோபைலட் கெட்டுப்போயிருக்கும் என்பார் ஒருவர், விமானி அசந்திருப்பார் என்பார் இன்னொருவர். உண்மையில் அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்த ஒரே சாட்சி விமானத்தின் வால்பகுதியில் இருக்கும் ஒரு பெட்டி. அதைக் கையில் எடுக்கும்வரை எல்லாம் ஊகம்தான்.

2017 ஜனவரி 16 அன்று கிர்கிஸ்தானின் மனாஸ் விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். ஹாங்காங்கிலிருந்து சரக்கு ஏற்றிவந்த போயிங் 747 ஒன்று மூடுபனிக்குள் ஆட்டோபைலட்டை நம்பி இறங்கிக்கொண்டிருந்தது. ஓடுபாதை அருகிலுள்ள ஆண்டெனா, 3 டிகிரி சரிவில் ஒரு ரேடியோ பாதையை அனுப்பும்; விமானம் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். ஆண்டெனாவின் இயல்பிலேயே இன்னொரு சங்கதியும் உண்டு. 9 டிகிரியில் ஒரு போலிச் சரிவும் கூடவே உருவாகும். இருக்கவேண்டிய உயரத்தைவிட மேலே வந்த அந்த விமானத்துக்கு உண்மையான சரிவு சிக்கவே இல்லை, போலிதான் சிக்கியது. சற்று நேரத்தில் அதுவும் நழுவ, ஆட்டோபைலட் தன் கணக்கிலேயே 3 டிகிரியில் இறக்கிக்கொண்டு போனது. கீழே ஓடுபாதை முடிந்துகொண்டிருந்தது. தரைக்கு 58 அடி உயரத்தில்தான் விமானிகள் மேலே கிளப்பப் பார்த்தார்கள். முடியவில்லை. விமானத்தில் இருந்த 4 பேர், ஓடுபாதைக்கு அப்பால் இருந்த கிராமத்தில் 35 பேர் என 39 உயிர்கள் போயின.

ஆட்டோபைலட் பழுதாகவில்லை, எப்படி வடிவமைத்தார்களோ அப்படியே நடந்துகொண்டது. உயரத்தைச் சரிபார்த்திருக்கவேண்டியவர்கள் விமானிகள். அந்தக் கடைசி நிமிடங்களை நொடி நொடியாகச் சொன்னது கறுப்புப் பெட்டிதான்.

பெயர்தான் கறுப்பு, நிறம் பளீரென்ற ஆரஞ்சு. யோசனையைத் தந்தவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன். 1953-இல் கல்கத்தாவுக்கு அருகே விழுந்தது உட்பட, காமெட் ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து விழுந்தபோது, சாகும் முன் விமானி என்ன பேசினார் என்று பதிவாகியிருந்தால் போதுமே என்று நினைத்தவர் அவர். அவருடைய தந்தையும் 1934-இல் ஒரு விமான விபத்தில் இறந்தவரே. இன்றைய பெட்டிகளில் ஒன்று வேகம், உயரம், ஆட்டோபைலட்டின் நிலை போன்றவற்றைக் குறைந்தது 25 மணி நேரத்துக்குச் சேமிக்கும். இன்னொன்று விமானி அறைப் பேச்சைப் பதியும். உள்ளே இருக்கும் நினைவகம் புவியீர்ப்பைப்போல் 3,400 மடங்கு அதிர்ச்சியையும், 1,100 டிகிரி செல்சியஸ் தீயை ஒரு மணி நேரமும் தாங்கவேண்டும்.

தரையில் விழுந்தால் தேடி எடுத்துவிடலாம். கடலில் விழுந்தால்? அங்கேதான் நம் கடலூர்க் கதை வருகிறது.

2015 ஜூன் 8 மாலை சென்னையிலிருந்து கண்காணிப்புக்குக் கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம், 3 பேருடன் அன்றிரவே காணாமல் போனது. திருச்சி ரேடாரில் கடைசியாகத் தெரிந்தது இரவு 9.23-க்கு. அதன்பின் கடலூர், சிதம்பரம், காரைக்கால் கரைக்கு அப்பால் கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் அலைந்தன. இந்தக் கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. கடலூர்ப் பக்கம் கண்டத்திட்டு குறுகலானது. கடலடியில் பள்ளத்தாக்குகளும் வெட்டிக்கொண்டு போகின்றன. சிறிது தூரம் போனாலே ஆழம் மளமளவென்று இறங்கிவிடும். விமானம் கிடந்தது ஏறத்தாழ 1,000 மீட்டரில், நம் மீனவர்கள் கணக்கில் ஐந்நூறு பாகத்துக்கும் மேல். அவர்கள் வலை எட்டாத ஆழம் அது.

அந்த இருட்டில் உதவியது, பெட்டியோடு இணைந்த ஒரு சிறு உருளை. பிங்கர் என்பார்கள். தண்ணீர் பட்டதும் தானே உயிர்பெற்று, நொடிக்கு ஒருமுறை 37.5 கிலோஹெர்ட்ஸில் 'டிக்' அடிக்கும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது என்பதால் இதற்குத் தனி நீரொலி வாங்கி வேண்டும். ஒலி 2, 3 கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். மேலே வெதுவெதுப்பாகவும் கீழே சில்லென்றும் இருக்கும் நீரடுக்குகள் ஒலியை வளைத்தும் விடும். மேலே மிதக்கும் கப்பலுக்குக் கேட்காதது ஆழத்தில் இருப்பவருக்குக் கேட்கலாம். ஐ.என்.எஸ். சிந்துத்வஜ் நீர்மூழ்கியையே தேடலில் இறக்கியதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒலியோ விட்டுவிட்டுத்தான் கேட்டது. அந்தப் பிங்கரின் மின்கலத்துக்கும் 30 நாள்தான் ஆயுள்.

பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் சாகர் நிதி கப்பலும் வந்தது. கடைசியில் ரிலையன்ஸ் தந்த ஒலிம்பிக் கேன்யன் கப்பல், கேபிளில் கட்டி இறக்கும் ஆளில்லா ஊர்தியால் ஜூலை 2-ஆம் வாரத்தில் பெட்டியையும் சிதைவுகளையும் எட்டியது. மூவரும் உயிர் பிழைக்கவில்லை.

எல்லாப் பெட்டியும் இப்படிக் கிடைப்பதில்லை. 2011 ஜூலையில் தென்கொரியாவின் ஜெஜு தீவுக்கு அப்பால் தீப்பிடித்து விழுந்த ஏசியானா சரக்கு விமானத்தில், பெட்டியின் கூடு கிடைத்தது, நினைவகம் கிடைக்கவில்லை. தீ எதனால் மூண்டது என்பதற்கு உறுதியான பதிலும் இல்லை. மலேசிய எம்.எச்.370 விமானத்தில் ஒரு பிங்கரின் மின்கலம் 2012 டிசம்பரிலேயே காலாவதி. 2014-இல் காணாமல் போகும்வரை மாற்றவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. சாட்சியைக் கட்டிவைத்துவிட்டு அதன் தொண்டையை மறந்த கதை.

2009-இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் பெட்டிகளை எடுக்க 2 ஆண்டு பிடித்ததும், பிங்கரின் ஆயுளை 90 நாளாக உயர்த்தினார்கள். 27 டன்னுக்கு மேற்பட்ட, நெடுந்தூரம் கடல்மேல் பறக்கும் விமானங்களுக்கு உடலோடு பொருத்திய இன்னொரு ஒலிப்பானும் வேண்டும் என்றது பன்னாட்டு விதி. அது 8.8 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதிர்வெண் குறைவு என்பதால் நீர் அதை அவ்வளவு விழுங்காது, நெடுந்தூரம் போகும். ஆனால் அந்த விதி பயணிகள், சரக்கு விமானங்களுக்கானது. அரசுப் படைகளின் விமானங்களை அது கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தினாலும், டோர்னியர் போன்ற சுமார் 6 டன் விமானம் அந்த எடைக் கணக்கில் வராது.