நிகழ்நேர வியூக ஆட்டங்களில் செயற்கை நுண்ணறிவு

நிகழ்நேர வியூக ஆட்டம் என்பது, ஆட்டக்காரர்கள் முறை வைத்து ஆடாமல் ஒரே நேரத்தில் வளங்களைத் திரட்டி, கட்டடங்களை எழுப்பி, படைகளை உருவாக்கி ஒருவரையொருவர் வெல்ல முயலும் கணினி விளையாட்டு வகை ஆகும். இவ்வகை ஆட்டங்களில் தேர்ந்த மனிதரைக் கணினி வெல்ல முடியுமா என்பது செயற்கை நுண்ணறிவு ஆய்வில் நெடுங்காலம் விடை காணப்படாத வினாக்களுள் ஒன்றாக இருந்தது. 2019ஆம் ஆண்டில் ஆல்ஃபாஸ்டார் என்னும் நிரல் ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டத்தில் மிக உயர்ந்த தரநிலையை எட்டியது. எனினும் மனிதருக்கு உள்ள கண், கை வரம்புகளைக் கணினிக்கும் விதித்து ஒப்பிடுவது எப்படி என்பதைப் பொறுத்தே இவ்வினாவின் விடை அமைகிறது.

பின்னணி

1992இல் வெளிவந்த, வெஸ்ட்வுட் நிறுவனம் உருவாக்கிய டியூன் 2 இவ்வகை ஆட்டங்களின் பொதுவான அமைப்பை வகுத்தது. வார்கிராஃப்ட் (1994), கமாண்ட் அண்ட் காங்கர் (1995), ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் (1997) ஆகியன இதனைப் பரவலாக்கின. பிளிசார்ட் நிறுவனத்தின் ஸ்டார்கிராஃப்ட் 1998இல் வெளிவந்தது. தென் கொரியாவில் இவ்வாட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்படும் தொழில்முறைப் போட்டியாகவே வளர்ந்தது. இதன் அடுத்த பதிப்பான ஸ்டார்கிராஃப்ட் 2, 2010இல் வெளியிடப்பட்டது.

ஸ்டார்கிராஃப்டில் டெரன், செர்க், புரோட்டோஸ் என மூன்று இனங்கள் உள்ளன. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் கட்டடங்களும் படைப்பிரிவுகளும் உண்டு. எந்த ஒரு படையும் எல்லாப் படைகளையும் வெல்லாதவாறு ஆட்டம் சமன் செய்யப்பட்டுள்ளது. ஆய்வாளர்கள் இவ்வாட்டத்தைத் தேர்ந்தெடுத்தமைக்கு இச்சமநிலையும், ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் இருந்தமையும் முக்கிய காரணங்கள் ஆகும்.

விற்பனைக்கு வரும் இவ்வகை ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் கணினி எதிராளி ஒன்று உள்ளமைக்கப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் முன்கூட்டியே எழுதப்பட்ட விதிகளின்படி இயங்குவது. ஸ்டார்கிராஃப்ட் 2இன் மிகக் கடினமான கணினி எதிராளிகளுக்கு நிலப்படம் முழுவதையும் காணும் உரிமையும் கூடுதல் வளங்களும் அளிக்கப்படுகின்றன. இத்தகைய எதிராளியிடம் தோற்பதை மனித அறிவு தோற்றதாகக் கொள்ள இயலாது.

கணினிக்கு உள்ள கடினங்கள்

1997இல் டீப் புளூ என்னும் கணினி உலகச் சதுரங்க வாகையர் காரி காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்றது. 2016இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாகோ, கோ ஆட்டத்தில் லீ செடோலை 4–1 என்ற கணக்கில் வென்றது. இவ்விரு ஆட்டங்களிலும் பலகை முழுவதும் இருவர் கண்ணுக்கும் தெரியும். ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். நிகழ்நேர வியூக ஆட்டங்களில் இவ்விரண்டும் இல்லை. இவற்றின் முதன்மையான கடினங்கள் வருமாறு:

மறைந்த தகவல்: தன் படை நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதி மட்டுமே ஆட்டக்காரருக்குத் தெரியும். ஏனைய பகுதி 'போர் மூடுபனி'யால் மறைக்கப்பட்டிருக்கும். எதிரி என்ன செய்கிறார் என்பதை ஒற்றரை அனுப்பியே அறிய வேண்டும். அறிய முடியாததை ஊகிக்க வேண்டும்.

செயல்களின் எண்ணிக்கை: கோ ஆட்டப் பலகையில் 361 புள்ளிகள் உள்ளன. ஸ்டார்கிராஃப்ட் 2இல் எந்தப் படையை, எந்தக் கட்டளையுடன், எவ்விடத்துக்கு அனுப்புவது என்பதைக் கணக்கிட்டால், ஒரு கணத்தில் செய்யக்கூடிய தெரிவுகள் ஏறத்தாழ 10இன் 26ஆம் அடுக்கு என டீப்மைண்ட் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

நேரம்: ஆட்டத்தின் நிலை நொடிக்கு ஏறத்தாழ 22 முறை மாறுகிறது. கணினி சிந்திப்பதற்காக ஆட்டம் நின்று கொள்வதில்லை.

நெடுநோக்கு: முதல் நிமிடத்தில் கட்டிய ஒரு கட்டடத்தின் பயன் பத்தாம் நிமிடப் போரில்தான் தெரியவரும். வெற்றிக்கு எந்த முடிவு காரணம் என்பதைப் பிரித்தறிவது கற்கும் நிரலுக்கு எளிதன்று.

தொடக்ககால முயற்சிகள்

2010இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூசு வளாகம், முதல் ஸ்டார்கிராஃப்டை ஆடும் நிரல்களுக்கான போட்டியை நடத்தியது. பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த குழுவின் 'ஓவர்மைண்ட்' என்னும் நிரல் அதில் முதலிடம் பெற்றது. மியூட்டலிஸ்க் என்னும் பறக்கும் படையை ஒரே கூட்டமாகத் துல்லியமாக நடத்துவதே அதன் சிறப்பு. அக்குழுவில் பங்கேற்ற ஓரியோல் வின்யால்சு பின்னாளில் ஆல்ஃபாஸ்டார் திட்டத்தை வழிநடத்தினார்.

இத்தகைய நிரல்கள் தமக்குள் மோதிக் கொண்டாலும் மனிதரை நெருங்கவில்லை. 2017 அக்டோபரில் சியோல் நகரின் செஜோங் பல்கலைக்கழகத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் சோங் பியோங்-கு நான்கு நிரல்களுடன் மோதி நான்கையும் வென்றார். நான்கு ஆட்டங்களும் சேர்ந்து அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அவற்றுள் ஒரு நிரல் ஒரு கட்டத்தில் நிமிடத்திற்கு 19,000 செயல்களைச் செய்தது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் செய்வதோ நிமிடத்திற்குச் சில நூறு செயல்களே. வேகம் மட்டுமே வெற்றி தராது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

ஆல்ஃபாஸ்டார்

2016 நவம்பரில் டீப்மைண்டும் பிளிசார்டும் ஸ்டார்கிராஃப்ட் 2ஐ ஆய்வுக்குத் திறந்துவிடுவதாக அறிவித்தன. அதற்கான கருவிகள் 2017 ஆகஸ்டில் வெளியிடப்பட்டன. இதன் தொடர்ச்சியாக உருவானதே ஆல்ஃபாஸ்டார்.

பயிற்சி முறை

ஆல்ஃபாஸ்டார் ஒரு செயற்கை நரம்பியல் வலையமைப்பு. அதன் பயிற்சி இரு கட்டங்களாக அமைந்தது. முதற்கட்டத்தில் அது மனிதர்கள் ஆடிய ஆட்டப் பதிவுகளைக் கண்டு, ஒவ்வொரு சூழலிலும் மனிதர் என்ன செய்வர் என்பதைக் கற்றது. இரண்டாம் கட்டத்தில் வெற்றிக்குப் பரிசு, தோல்விக்குத் தண்டனை என்ற அடிப்படையில் தன்னைத் தானே திருத்திக் கொண்டது. இது வலுவூட்டல் கற்றல் எனப்படும்.

ஒரு நிரல் தன்னோடு மட்டும் ஆடிப் பழகினால் ஓர் இடர் உண்டு. கல், காகிதம், கத்தரி விளையாட்டைப் போல, ஓர் உத்தி மற்றொன்றை வெல்லும். அது மூன்றாவதிடம் தோற்கும். மூன்றாவதோ இரண்டாவதிடம் தோற்கும். புதிய உத்தியைக் கற்கும் நிரல் பழையதை எதிர்கொள்ளும் வழியை மறந்துவிட்டு வட்டமடிக்கத் தொடங்கும். இதனைத் தவிர்க்க ஆய்வாளர்கள் பல நிரல்கள் அடங்கிய ஒரு 'லீக்'கை அமைத்தனர். அதில் முதன்மை நிரல்கள் எல்லாரையும் வெல்ல முயன்றன. வேறு சில நிரல்களின் பணி, வெல்வதைக் காட்டிலும் முதன்மை நிரல்களின் பலவீனங்களைத் தேடிக் கண்டறிந்து தாக்குவதாக இருந்தது. முந்தைய நிலைகளின் நிரல்களும் எதிராளிகளாகத் தக்கவைக்கப்பட்டன.

2018 டிசம்பர் ஆட்டங்கள்

2018 டிசம்பரில் ஆல்ஃபாஸ்டார் இரு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் மோதியது. செருமனியின் டாரியோ வுன்ஷ், போலந்தின் கிரெகோர்சு கொமின்சு ஆகிய இருவரையும் தலா 5–0 என்ற கணக்கில் வென்றது. வுன்ஷ் வழக்கமாகச் செர்க் இனத்தை ஆடுபவர். இங்கு புரோட்டோசை ஆடினார். அனைத்து ஆட்டங்களும் ஒரே நிலப்படத்தில் புரோட்டோசுக்கு எதிராகப் புரோட்டோஸ் என்ற முறையில் நடந்தன. இம்முடிவுகள் 2019 சனவரி 24 அன்று வெளியிடப்பட்டன.

அதே நாளில் கொமின்சுடன் ஒரு நேரடி ஆட்டமும் நடைபெற்றது. முந்தைய ஆட்டங்களில் ஆல்ஃபாஸ்டார், தனக்குத் தெரியக்கூடிய நிலப்பகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் கண்டது. மனிதரோ திரையில் அடங்கும் பகுதியை மட்டும் கண்டு, திரையை இடத்துக்கு இடம் நகர்த்த வேண்டும். நேரடி ஆட்டத்தில் இவ்வரம்பு நிரலுக்கும் விதிக்கப்பட்டது. கொமின்சு தம் படையில் ஒரு சிறு பகுதியை வான்வழியாக எதிரித் தளத்தில் இறக்குவதும் பின்வாங்குவதுமாக இருந்தார். ஆல்ஃபாஸ்டார் ஒவ்வொரு முறையும் தன் பெரும்படையைத் திருப்பி அழைத்தது. படை வந்ததும் அவர் விலகிக் கொண்டார். இதனால் கிடைத்த நேரத்தில் தம் படையைப் பெருக்கி அவர் வென்றார். திரையை நகர்த்தி ஆடும் அந்நிரல் ஏழு நாட்கள் மட்டுமே பயிற்சி பெற்றிருந்தது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

கை வேகம் குறித்த விவாதம்

ஆட்டக்காரர் ஒரு நிமிடத்தில் செய்யும் செயல்களின் எண்ணிக்கை இத்துறையில் முக்கிய அளவையாகும். டிசம்பர் ஆட்டங்களில் ஆல்ஃபாஸ்டாரின் சராசரி ஏறத்தாழ 280; கொமின்சின் சராசரி ஏறத்தாழ 390. இதனைக் கொண்டு, நிரல் வேகத்தால் அன்றி முடிவெடுக்கும் திறனால் வென்றது என வாதிடப்பட்டது.

இவ்வாதத்தைப் பலர் ஏற்கவில்லை. மனிதரின் எண்ணிக்கையில் ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அழுத்துவது போன்ற பயனற்ற செயல்களும் அடங்கும். நிரலின் செயல்களில் வீணானவை குறைவு. மேலும் சராசரி குறைவாக இருந்தாலும், போரின் உச்சக்கட்டத்தில் நிரலின் வேகம் நிமிடத்திற்கு 1,000 செயல்களைத் தாண்டியது. கொமின்சுடன் நடந்த ஆட்டமொன்றில் ஆல்ஃபாஸ்டார், ஸ்டாக்கர் என்னும் படைவீரர்களைக் கொண்டு எதிரிப் படையைப் பல திசைகளிலிருந்து சூழ்ந்து, அடிபட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பின்னிழுத்துக் காத்தது. எதிரியிடம் இருந்த இம்மார்ட்டல் என்னும் படை, வழக்கமாக ஸ்டாக்கரை வெல்லக்கூடியது. அங்கு வியூகம் வென்றதா, மனிதக் கையால் இயலாத துல்லியம் வென்றதா என்ற வினா எழுந்தது.

2019 அக்டோபர் முடிவுகள்

இவ்விமர்சனங்களுக்குப் பின்னர் விதிகள் இறுக்கப்பட்டன. ஆல்ஃபாஸ்டார் மனிதரைப் போலத் திரையை நகர்த்தியே ஆட வேண்டும் என்றும், ஐந்து நொடிகளில் 22 செயல்களுக்கு மேல் செய்யலாகாது என்றும் வரம்பு வகுக்கப்பட்டது. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் இவ்வரம்புகளுக்கு ஒப்புதல் அளித்திருந்தார். நிரல் மூன்று இனங்களையும் ஆடப் பயிற்றுவிக்கப்பட்டது; ஓர் இனத்துக்கு ஒன்றாக மூன்று வலையமைப்புகள் பயன்படுத்தப்பட்டன. ஐரோப்பிய வழங்கியில் அது பெயர் மறைத்து ஆடியது.

2019 அக்டோபர் 30 அன்று நேச்சர் இதழில் முடிவுகள் வெளியாயின. ஆல்ஃபாஸ்டார் மூன்று இனங்களிலும் கிராண்ட்மாஸ்டர் தரநிலையை எட்டியது. தரவரிசையில் இருந்த ஆட்டக்காரர்களில் 99.8 விழுக்காட்டினரைக் காட்டிலும் மேலான இடம் பெற்றது. புரோட்டோஸ் இனத்தில் அதன் தரப்புள்ளி மிகுதியாகவும் செர்க் இனத்தில் குறைவாகவும் இருந்தது. எனினும் அது சில ஆட்டங்களில் மனிதரிடம் தோற்றது.

டோட்டா 2

டோட்டா 2, நிகழ்நேர வியூக ஆட்டமான வார்கிராஃப்ட் 3இலிருந்து கிளைத்த குழு ஆட்டமாகும். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் 'ஓப்பன்ஏஐ ஃபைவ்' என்னும் நிரல் 2018 ஆகஸ்டில் தொழில்முறைக் குழுக்களிடம் தோற்றது. 2019 ஏப்ரல் 13 அன்று முந்தைய ஆண்டின் உலக வாகையரான ஓஜி அணியை 2–0 என்ற கணக்கில் வென்றது. அதே மாதத்தில் பொதுமக்களுடன் ஆடி 7,215 ஆட்டங்களில் வென்று 42இல் தோற்றது. ஆயினும் நூற்றுக்கும் மேற்பட்ட நாயகர்களுள் 17 பேரை மட்டுமே தெரிவு செய்யலாம் என்ற கட்டுப்பாடு அங்கு இருந்தது.

மதிப்பீடு

இம்முடிவுகளிலிருந்து, நிகழ்நேர வியூக ஆட்டங்களில் கணினியால் தொழில்முறை ஆட்டக்காரரை வெல்ல முடியும் என்பது உறுதியாகிறது. ஆயினும் இதனை டீப் புளூ, ஆல்ஃபாகோ ஆகியவற்றின் வெற்றிகளுக்கு இணையாகக் கொள்வதற்குத் தடைகள் உள்ளன. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விதிகளுடன் உலக வாகையருக்கு எதிரான நீண்ட தொடர் எதிலும் ஆல்ஃபாஸ்டார் ஆடவில்லை.

கற்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. டிசம்பர் ஆட்டங்களுக்கான நிரல்கள் 14 நாட்கள் பயிற்சி பெற்றன. அதற்குள் ஒவ்வொன்றும் 200 ஆண்டுகள் வரையிலான ஆட்ட அனுபவத்தைப் பெற்றது. பயிற்சி முடிந்தபின் அவை ஆட்டத்தின் நடுவே புதிதாகக் கற்பதில்லை. கொமின்சோ எதிராளியின் பலவீனத்தை ஒரே ஆட்டத்தில் கண்டறிந்து, அந்த ஆட்டத்திலேயே அதனைப் பயன்படுத்தினார். கணினியின் வெற்றிகளை மதிப்பிடும்போது கணக்கில் கொள்ள வேண்டிய மனிதத் திறன் இதுவாகும்.

இவற்றையும் பார்க்க

செயற்கை நுண்ணறிவு
வலுவூட்டல் கற்றல்
கணினிச் சதுரங்கம்
ஆல்ஃபாகோ
ஸ்டார்கிராஃப்ட்