ஓய்வுக்கும் பாடம் வகுத்த பூங்கா

மாஸ்கோ ஆற்றங்கரையில் நீண்டு கிடக்கும் கார்க்கி பூங்காவின் முழுப்பெயர் 'மாக்சிம் கார்க்கி மத்தியப் பண்பாட்டு, ஓய்வுப் பூங்கா' என்பதாகும். இப்பெயரில் ஓய்வைக் குறிக்கும் ரஷ்யச் சொல், மூச்சு என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. 'மூச்சுவிட நேரமில்லை' என்று தமிழில் சொல்லும்போது எந்த ஓய்வு கிட்டவில்லை என்கிறோமோ அதையே அச்சொல்லும் சுட்டுகிறது. ஆனால் 1928 ஆகஸ்ட் 12 அன்று இப்பூங்காவைத் திறந்தவர்கள், இளைப்பாறுவதற்கான இடம் என்ற அளவில் அதை நிறுத்திக்கொள்ளவில்லை. உழைப்பாளியின் விடுமுறை நாள் மதுக்கடையில் கரையாமல் கல்வியிலும் கலையிலும் உடற்பயிற்சியிலும் கழிய வேண்டும், ஓய்வெடுப்பதும் கற்பிக்கப்பட வேண்டிய ஒன்றே என்ற கொள்கையின் மீதுதான் அது எழுந்தது.

குப்பை மேடும் காய்கறித் தோட்டங்களுமாகக் கிடந்த இந்நிலத்தில் 1923ஆம் ஆண்டு அனைத்து ரஷ்ய வேளாண்மை, கைத்தொழில் கண்காட்சி நடைபெற்றது. அதில் புகையிலைத் தொழிலுக்கான மரக் கூடத்தை வடிவமைத்துப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் கான்ஸ்தந்தின் மெல்னிகோவ், பின்னர் பூங்காவின் முகப்புப் பூந்தரையின் அமைப்பிலும் பங்கேற்றார். 'தாய்' நாவலின் வழியே தமிழ் வாசகர்கள் நன்கறிந்த கார்க்கியின் பெயர் 1932இல் சூட்டப்பட்டது.

அக்காலத்தில் இங்கு ஒரு நாளைக் கழிப்பது என்பது பெரும்பாலும் ஏற்கெனவே வகுக்கப்பட்ட ஒரு நிரலுக்குள் நுழைவதாக இருந்தது. இதற்குச் சிறந்த சான்று 'ஒருநாள் ஓய்வில்லம்' என்ற ஏற்பாடாகும். தொழிலாளர் அனுமதிச் சீட்டுடன் வந்து, மருத்துவப் பரிசோதனை, உடற்பயிற்சி, உணவு, உறக்கம் ஆகியவற்றைப் பெற்று மாலையில் வீடு திரும்பும் வகையில் அது நடத்தப்பட்டது. பெற்றோர் பிள்ளைகளை விட்டுச்செல்லக் குழந்தைகளுக்கென ஒரு தனிப் பகுதி இருந்தது. சொற்பொழிவும் கூட்டுப்பாட்டும் கேட்டபின், பாராசூட் கோபுரத்தில் ஏறிக் குதிக்க வரிசையில் நிற்கலாம். 1933இல் திறக்கப்பட்ட 'பசுமை அரங்கு' என்னும் திறந்தவெளி அரங்கில் சுமார் 20,000 பேர் அமர்ந்து நிகழ்ச்சிகளைக் காண முடிந்தது. இவ்வளவையும் ஒருங்கிணைத்தவர், இருபதுகளின் நடுவிலேயே 1929இல் இயக்குநர் பொறுப்பேற்ற பெத்தி கிளான் என்னும் பெண்மணி. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1934இல் வந்தபோது பூங்கா கிளானின் நிர்வாகத்தில்தான் இருந்தது. அவருடைய கணவரும் யுகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட் தலைவருமான மிலன் கோர்கிச் 1937இல் ஸ்டாலினின் களையெடுப்பில் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் கைதான கிளான் பல ஆண்டுகளைச் சிறையிலும் நாடுகடத்தலிலும் கழித்தார். லட்சக்கணக்கானோரின் மகிழ்ச்சிக்காகத் திட்டமிட்ட ஒருவருக்கே இக்கதி நேர்ந்தது என்பதை விலக்கிவிட்டு இப்பூங்காவின் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

போரும் இம்மண்ணில் தடம் பதித்தது. இவான் ஷாதர் செதுக்கிய 'துடுப்பேந்திய பெண்' சிலை 1941இல் குண்டுவீச்சில் அழிந்தது. 1943இல் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளும் விமானங்களும் இங்கே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. தூண்கள் உயர்ந்த இன்றைய முகப்பு வாயில் 1955இல் எழுப்பப்பட்டதாகும்.

சோவியத் ஒன்றியம் சிதைந்த பிறகு ராட்டினங்களும் தின்பண்டக் கடைகளும் நிலத்தை நிறைத்தன. நுழைவுக் கட்டணமும் வாங்கப்பட்டது. 2011இல் அந்தப் பழைய ராட்டினங்கள் அகற்றப்பட்டு, கட்டணமும் நீக்கப்பட்டது. பூங்காவின் வரலாற்றிலேயே இதைத்தான் மிக முக்கியமான திருப்பமாகக் கொள்ள வேண்டும். ஏனெனில் கையில் காசில்லாதவரும் காலை முதல் இரவு வரை, எதையும் வாங்காமலும் எதையும் கற்காமலும், புல்தரையில் படுத்திருக்க உரிமை பெற்றது அப்போதுதான்.

இன்று ஒரு நாளை இங்கே செலவிட விரும்புவோர் 'ஒக்தியாப்ர்ஸ்கயா' மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்து வரலாம். பூங்காவின் பெயரையே தாங்கிய 'பார்க் குல்தூரி' நிலையம் ஆற்றின் மறுகரையில் இருப்பதால், அங்கிருந்து வருவோர் கிரிமியப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். அந்த நடையில் ஆற்றின் அழகு முழுதும் கண்ணில் விரிவதால் இதுவே மேலான வழி. வாயிலைத் தாண்டியதும் பூந்தரையும் நீரூற்றும் வருகின்றன. கரையோரமாகத் தெற்கே நடந்தால், பிரபுக்களின் மாளிகைத் தோட்டமாக இருந்து பின்னர் பூங்காவுடன் இணைந்த 'நெஸ்கூச்னி' தொடங்குகிறது. 'சலிப்பற்றது' என்பது அப்பெயரின் பொருள். சரிவுகளும் முதிர்ந்த மரங்களும் ஓடைப் பள்ளங்களும் நிறைந்த அப்பகுதியில் நகரின் இரைச்சல் வெகுவாக அடங்கிவிடுகிறது. குளிர்காலத்திலோ நடைபாதைகளே உறைபனிச் சறுக்குத் தளங்களாகின்றன.

பூங்காவுக்குள் இருக்கும் கராஜ் தற்காலக் கலை அருங்காட்சியகம், 1968இல் கட்டப்பட்டுப் பின்னர் பாழடைந்த 'பருவங்கள்' என்னும் உணவகக் கட்டடத்தில் 2015 முதல் இயங்குகிறது. கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸ் அதை இடிக்காமல், ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடுகளால் போர்த்தினார். உக்ரைன் மீதான போர் தொடங்கிய 2022 பிப்ரவரியில் இந்நிறுவனம் தன் கண்காட்சிப் பணிகளை நிறுத்துவதாக அறிவித்தது. இலையுதிர்காலத்தை ஒரு பெண்ணுருவில் காட்டும் சோவியத் காலப் பல்வண்ணக் கல்சித்திரம், உதிர்ந்த துண்டுகளின் இடைவெளிகளோடு அதன் உட்சுவரில் இன்றும் இருக்கிறது.