விசையைத் தொடாமலே வெடிக்கும் ரைஃபிள்

1962-ல் வந்த ரெமிங்டன் 700-இன் பழைய வாக்கர் ட்ரிக்கரில், விசைக்கும் சியருக்கும் நடுவே 'கனெக்டர்' என்று ஒரு சின்னத் தகடு உண்டு. அதை விசையோடு ஒட்டி வைத்திருப்பது ஸ்பிரிங் மட்டும்தான். ஒவ்வொரு முறை சுடும்போதும் தகடு விலகித் திரும்பும். அந்த இடுக்கில் தூசியோ பிசினாகிப்போன எண்ணெயோ மாட்டினால் முழுசாகத் திரும்பாது. சியரை நுனியில் மட்டும் தாங்கும். அப்புறம் சேஃப்டியை எடுத்தாலே வெடிக்கலாம்.

நம்ம பாஷையில் சொன்னால், இது எப்போதாவது தலைகாட்டும் பக். சுட்ட அதிர்விலேயே தூசி உதிர்ந்து, தடயமும் போய்விடலாம். அதனால் 'பத்து தடவை பார்த்தேன், சரியா இருக்கு' என்பது நிரூபணம் ஆகாது.

வேறு கம்பெனி ட்ரிக்கர் மாட்டியிருந்தாலும் விதி இதேதான். ஒருமுறை தானாக விடுபட்டால் போதும், தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். தேய்ந்த சியரை நீங்களே அரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். கோணம் மாறினால் பிடிப்பு இன்னும் குறையும்.